குளிசையும் ஊசியும் வேண்டாமென்றால்
ஓமோன் இல்லாத குடும்பத் திட்ட முறைகள் பற்றிய ஒரு விளக்கம்

குடும்பத் திட்டம் என்றதும் எமது கிராமங்களில் உடனே பேசப்படுபவை மூன்று: தினமும் விழுங்கும் குளிசை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசி, கையில் தோலின் கீழ் வைக்கும் குச்சி. இம்மூன்றும் ஓமோன்களைக் கொண்டு இயங்குபவை. பெண்ணின் உடலில் இயல்பாகச் சுரக்கும் ஓமோன்களைப் போன்ற பொருட்களை வெளியிலிருந்து கொடுத்து, சூல்முட்டை வெளிவருவதையோ கரு உண்டாவதையோ அவை தடுக்கின்றன.

பல பெண்களுக்கு இவை ஒத்துப்போகின்றன. ஆனால் எல்லோருக்கும் அல்ல. ஊசி போட்டபின் சிலருக்கு மாதவிடாய் ஒழுங்கற்றுப் போகிறது, சிலருக்கு நின்றேவிடுகிறது. வேறு சிலர் தலையிடி, உடல் எடை கூடுதல் என்று முறையிடுகின்றனர். மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு ஓமோன் முறைகள் ஆகா. இரத்தம் கட்டிய வரலாறு, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரஜன் கலந்த குளிசையை வைத்தியர்கள் தவிர்ப்பர். இவை எதுவுமின்றி, ‘எனக்கு இது விருப்பமில்லை’ என்று மட்டும் சொல்லும் பெண்களும் இருக்கின்றனர். அதுவும் போதிய காரணமே.

இவர்களுக்கு என்ன வழிகள் உண்டு? ஒவ்வொன்றும் எவ்வாறு வேலை செய்கிறது? எந்த வீட்டுக்கு எது பொருந்தும்? இவற்றை ஒழுங்காக எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். முதலில் ஓர் எச்சரிக்கை: இப்பொழுது குளிசையோ ஊசியோ பாவிப்பவர்கள் இதை வாசித்துவிட்டு உடனே நிறுத்திவிட வேண்டாம். மாற்று முறை ஒன்றைத் தெரிந்து, கற்று, அதன் பின்னரே மாற வேண்டும்.

எமது நாட்டில் இது புதிய பேச்சல்ல

யாழ்ப்பாணத் தமிழரை மணந்து இலங்கையிலேயே வாழ்ந்த கனேடிய வைத்தியர் மேரி இரட்ணம் அம்மையார் 1937இல் கொழும்பில் குடும்பத் திட்ட நிலையம் ஒன்றைத் தொடங்கினார். கிராமப் பெண்களுக்கான மகளிர் சமித்தி இயக்கத்தை உருவாக்கியவரும் அவரே. 1953இல் குடும்பத் திட்டச் சங்கம் உருவாகியது. 1965 முதல் இப்பணி அரசாங்கச் சுகாதார சேவையின் ஒரு பகுதியாயிற்று. இன்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கிளினிக்கும், வீடு வீடாக வரும் குடும்ப நல உத்தியோகத்தரும் இச்சேவையை எமது வாசலுக்கே கொண்டு வருகின்றனர்.

ஆயினும் குடாநாட்டுப் பெண்கள் எதைத் தெரிகிறார்கள் என்பது நெடுங்காலம் எவருடைய கணக்கிலும் வரவில்லை. 1987, 1993, 2000 ஆகிய ஆண்டுகளின் தேசிய குடிசன சுகாதார மதிப்பீடுகள் யுத்தம் காரணமாக வடக்கை உள்ளடக்கவில்லை. 2006-07 மதிப்பீட்டிலும் வட மாகாணம் விடுபட்டது. 2016ஆம் ஆண்டு மதிப்பீடே 25 மாவட்டங்களையும் உள்ளடக்கியது. அதன்படி நாட்டில் மணமான பெண்களுள் பத்தில் ஆறு பேருக்கு மேல் ஏதோ ஒரு முறையைப் பின்பற்றுகின்றனர். நாட்கணக்கு, விலகிக்கொள்ளல் போன்ற பழைய முறைகளைப் பின்பற்றுவோரும் அதில் கணிசமாக உள்ளனர். எனவே ஓமோன் இல்லாத முறைகளை மக்கள் ஏற்கெனவே பின்பற்றித்தான் வருகின்றனர். பலர் முறையாகக் கற்காமல் பின்பற்றுகின்றனர் என்பதே கவலைக்குரியது.

உடலின் கணக்கு

இயற்கை முறைகள் யாவும் ஓர் எளிய உண்மையின் மேல் நிற்கின்றன. ஒரு பெண் மாதம் முழுவதும் கருத்தரிக்கக் கூடியவள் அல்லள். ஒரு மாதவிடாய்ச் சுற்றில் சூல்முட்டை ஒரு நாள் மாத்திரமே வெளியாகிறது. வெளிவந்த முட்டை 12 முதல் 24 மணித்தியாலம் வரையே உயிருடன் இருக்கும். ஆனால் ஆணின் உயிரணு, பெண்ணின் உடலில் நல்ல சூழ்நிலை கிடைத்தால், ஐந்து நாள் வரை உயிர் பிழைத்திருக்கும். இவ்விரண்டையும் கூட்டிப் பார்த்தால், கருத்தரிக்கக்கூடிய நாட்கள் ஏறக்குறைய ஆறு: முட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாட்களும்.

இந்த ஆறு நாட்கள் எவை என்று அறிவதுதான் சிக்கல். முட்டை வெளியானதிலிருந்து அடுத்த மாதவிடாய் வரை உள்ள காலம் பெரும்பாலும் இரண்டு வாரம். இது அதிகம் மாறுவதில்லை. அதற்கு முந்திய காலமோ பயணம், நோய், மனக்கவலை, பாலூட்டல் ஆகியவற்றால் நீளலாம், குறுகலாம். ‘பதினான்காம் நாள் மட்டும் கவனமாயிருந்தால் போதும்’ என்று ஊரில் சொல்லப்படுவது இதனாலேயே பிழைக்கிறது.

இயற்கை முறைகள்

*நாட்கணக்கு முறை.* யப்பானில் ஒகினோ, ஒஸ்திரியாவில் க்நௌஸ் ஆகிய இரு வைத்தியர்கள் 1920களில் தனித்தனியே கண்டறிந்த உண்மையின் அடிப்படையில் எழுந்தது இது. ஆறு மாதத்துக்குக் குறையாமல் சுற்றுகளின் நீளத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மிகக் குறுகிய சுற்றிலிருந்து 18ஐயும், மிக நீண்ட சுற்றிலிருந்து 11ஐயும் கழிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, குறுகியது 26 நாள், நீண்டது 31 நாள் எனின், 8ஆம் நாள் முதல் 20ஆம் நாள் வரை தவிர்க்க வேண்டிய நாட்கள். மாதவிடாய் தொடங்கும் நாளே முதலாம் நாள். சென்ற மாதங்களைக் கொண்டு இம்மாதத்தை ஊகிக்கும் முறை ஆதலால் இதை மட்டும் நம்பியிருப்பது நன்றன்று.

*மணிமாலை முறை.* இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜோர்ஜ்டவுண் பல்கலைக்கழகத்தார் நாட்கணக்கை எளிமையாக்கினர். சுற்று எப்பொழுதும் 26 முதல் 32 நாளுக்குள் வரும் பெண்களுக்கே இது பொருந்தும். இவர்கள் 8ஆம் நாள் முதல் 19ஆம் நாள் வரை, அதாவது 12 நாட்கள், உறவைத் தவிர்க்க வேண்டும். நினைவுக்கு 32 மணிகள் கோத்த மாலை ஒன்று உண்டு: முதலாவது சிவப்பு, அடுத்த ஆறும் கபிலம், அடுத்த பன்னிரண்டும் வெள்ளை, மீதிப் பதின்மூன்றும் கபிலம். ஒரு நாளைக்கு ஒரு மணியாக வளையத்தை நகர்த்தி வருதல் வேண்டும். வெள்ளை மணியில் நின்றால் தவிர்க்க வேண்டிய நாள். மாதர் சங்கங்களில் இம்மாலையை நூலும் மணியும் கொண்டு தாங்களே கோத்துக்கொள்ளலாம். ஓராண்டில் ஒரு தடவைக்கு மேல் சுற்று 26 நாளிலும் குறைந்தால் அல்லது 32 நாளைக் கடந்தால் இம்முறையைக் கைவிட வேண்டும்.

*கசிவை அவதானிக்கும் முறை.* அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் 1953இல் வைத்தியர் ஜோன் பில்லிங்ஸ் தொடங்கி, அவருடைய மனைவி வைத்தியர் எவலின் பில்லிங்ஸ் உடன் இணைந்து வளர்த்த முறை இது. முட்டை வெளியாகும் காலம் நெருங்கும்போது கருப்பைக் கழுத்திலிருந்து வரும் கசிவு மாறுகிறது. மாதவிடாய் முடிந்ததும் பலருக்கு வறட்சியான நாட்கள் வரும். பின்னர் ஒட்டும் தன்மையான, மங்கலான கசிவு தோன்றும். அதன் பின் அது தெளிவாகி, முட்டையின் பச்சை வெள்ளைக்கருவைப் போல் வழுவழுப்பாகி, இழுத்தால் நூலாக நீளும். அந்த வழுவழுப்பை உணரும் கடைசி நாளே உச்ச நாள். கசிவின் முதல் அறிகுறி தொடங்கி, உச்ச நாளுக்குப் பின் மூன்று நாள் முடியும் வரை தவிர்க்க வேண்டும். நான்காம் நாள் முதல் அடுத்த மாதவிடாய் வரை பாதுகாப்பான காலம். முற்பகுதியில் வரும் வறண்ட நாட்களில் ஒன்றுவிட்டு ஒரு நாள், இரவில் மாத்திரம் உறவு கொள்ளலாம் என்பது விதி. மறுநாள் ஆணின் விந்துக் கசிவை உடலின் கசிவுடன் குழப்பிக்கொள்ளாதிருக்கவே இந்த ஏற்பாடு.

இதற்குச் செலவில்லை. ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். எழுத வாசிக்கத் தெரியாதவரும் நிறங்களால் குறிக்கலாம். ஆனால் வெள்ளை படுதல், அரிப்பு, நாற்றம் உள்ளவர்கள் முதலில் வைத்தியரிடம் காட்டிச் சிகிச்சை பெற வேண்டும். நோய்க் கசிவும் இயற்கைக் கசிவும் கலந்தால் அவதானிப்புப் பிழைக்கும்.

*வெப்பநிலை முறையும் கூட்டு முறையும்.* முட்டை வெளியானபின் உடலின் வெப்பநிலை 0.2 முதல் 0.5 பாகை செல்சியஸ் வரை உயர்ந்து, மாதவிடாய் வரை அவ்வாறே நிற்கும். காலையில் படுக்கையை விட்டு எழுமுன், தினமும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். உயர்வு மூன்று நாள் தொடர்ந்து நின்றால் ஆபத்தான நாட்கள் கடந்துவிட்டன. காய்ச்சல், இரவு விழிப்பு, குழந்தை அழுதல் இவற்றால் அளவு குழம்பும். இரவில் குழந்தைக்கு எழும்பும் தாய்க்கும், விடியுமுன் மீன் வாங்கக் கரைக்குப் போகும் பெண்ணுக்கும் தனியே இம்முறை கடினம். கசிவையும் வெப்பநிலையையும் சேர்த்துப் பார்ப்பதே கூட்டு முறை. இயற்கை முறைகளுள் இதுவே நம்பகமானது.

*தாய்ப்பால் முறை.* இது புதிதாகப் பிள்ளை பெற்றவர்களுக்கு. மூன்று நிபந்தனைகள் ஒருங்கே இருக்க வேண்டும்: பிள்ளைக்கு ஆறு மாதம் முடியவில்லை, தாய்க்கு மாதவிடாய் திரும்பவில்லை, பிள்ளைக்குத் தாய்ப்பால் மாத்திரமே பகலும் இரவும் கொடுக்கப்படுகிறது. பகலில் நான்கு மணித்தியாலத்துக்கும் இரவில் ஆறு மணித்தியாலத்துக்கும் மேல் இடைவெளி விடலாகாது. இம்மூன்றும் இருந்தால் கருத்தரிக்காதிருக்கும் வாய்ப்பு 98 வீதம் என 1988இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய அறிஞர்கள் உறுதிசெய்தனர். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுக்கும் வழக்கம் எமது நாட்டில் மிகச் சிறப்பாக உள்ளது. ஆனால் மூன்றில் ஒன்று தவறினாலும் அன்றே வேறு முறைக்கு மாற வேண்டும். ‘பால் கொடுக்கிறேன், பயமில்லை’ என்று ஒன்பதாம் மாதத்திலும் இருப்பவர்களே அகப்பட்டுக்கொள்கின்றனர்.

எண்கள் கூறுவது என்ன?

கசிவு முறையை உலக சுகாதார நிறுவனம் ஐந்து நகரங்களில் ஆராய்ந்து 1981இல் முடிவுகளை வெளியிட்டது. அவற்றுள் ஒன்று எமக்கு அருகிலுள்ள பெங்களூர். மற்றவை ஓக்லண்ட், டப்ளின், மணிலா, எல் சல்வடோர் நாட்டின் சான் மிகுவேல். பத்தில் ஒன்பது பெண்களுக்கு மேல் முதற்சுற்றிலேயே தங்கள் கசிவை இனங்காணக் கற்றுக்கொண்டனர். படிப்பறிவு குறைந்தவர்களும் இதில் அடங்குவர்.

அதே ஆய்வில், நூறு பெண்கள் ஓராண்டு இம்முறையைப் பின்பற்றியபோது ஏறத்தாழ 22 பேர் கருத்தரித்தனர். இது பெரிய எண்ணிக்கை. ஆனால் காரணங்களைப் பிரித்துப் பாருங்கள். விதியைச் சரியாகப் பின்பற்றியும் கருத்தரித்தோர் மூன்று பேருக்கும் குறைவு. ஏறத்தாழ 15 பேர் அது கருத்தரிக்கக்கூடிய நாள் என்று தெரிந்தே உறவு கொண்டவர்கள்.

முறை பிழைத்தது குறைவு. வீட்டில் அதைக் காக்க முடியாமற் போனதே அதிகம். பெண் தன் உடலை நன்றாகவே அறிந்துகொள்கிறாள். அவள் அறிந்ததை மற்றவர் மதிக்கிறாரா என்பதே கேள்வி. ஜேர்மனியில் கூட்டு முறையைக் கவனமாகக் கற்ற 900 பெண்களைப் பற்றிய ஆய்வு 2007இல் வெளிவந்தது. அங்கு ஓராண்டில் நூற்றுக்கு இருவருக்கும் குறைவாகவே எதிர்பாராது கருத்தரித்தனர். நல்ல பயிற்சியும் கணவனின் ஒத்துழைப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது சான்று.

ஓமோன் இல்லாத ஏனைய முறைகள்

கிளினிக்கில் கிடைக்கும் ஏனைய முறைகளையும் வாசகர் அறிந்திருக்க வேண்டும்.

‘லூப்’ என்று எமது மக்கள் சொல்வது செம்புக் கம்பி சுற்றிய சிறு கருவி. பயிற்சி பெற்றவர் இதைக் கருப்பையினுள் வைப்பர். செம்பு ஆணின் உயிரணுவைச் செயலிழக்கச் செய்கிறது. இன்று பாவனையிலுள்ள வகை பத்து ஆண்டு வரை நின்று பிடிக்கும். ஓராண்டில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே தவறுகிறது. முதல் சில மாதங்களில் மாதவிடாயின்போது இரத்தப்போக்கும் வயிற்றுவலியும் கூடலாம். இரத்தச்சோகை உள்ள பெண்கள் இதை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ஆணுறை ஒவ்வொரு முறையும் சரியாகப் பாவித்தால் ஓராண்டில் நூற்றுக்கு இருவருக்கே தவறும். நடைமுறையில் 13 பேர் வரை தவறுகிறது. பாலியல் நோய்களிலிருந்து காப்பதும் இது ஒன்றே. விலகிக்கொள்ளும் முறையில் நடைமுறைத் தவறு நூற்றுக்கு ஏறத்தாழ 20. சத்திரசிகிச்சை, ஆணுக்காயினும் பெண்ணுக்காயினும், மிக உறுதியானது. ஆனால் நிரந்தரமானது என்றே எண்ணி முடிவெடுக்க வேண்டும். இரண்டில் ஆணுக்கானது எளியது, ஆபத்துக் குறைந்தது. எனினும் எமது ஆண்கள் அதன் பெயரைக் கேட்கவும் விரும்புவதில்லை.

கத்தோலிக்கத் திருச்சபையின் நிலைப்பாட்டை வாசகர் அறிவர். 1951இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் மருத்துவமாதர்க்கு ஆற்றிய உரையிலும், 1968இல் திருத்தந்தை ஆறாம் பவுலின் சுற்றுமடலிலும், தகுந்த காரணத்துடன் இயற்கைச் சுற்றைப் பயன்படுத்திப் பிள்ளைப்பேற்றுக்கு இடைவெளி விடுவது ஏற்கப்பட்டது. ஏனைய முறைகள் ஏற்கப்படவில்லை. ஒரு குரு என்ற வகையில் இதை நான் மறைக்கவில்லை. அதே சுற்றுமடல் பொறுப்புள்ள பெற்றோராதல் பற்றியும் பேசுகிறது. எத்தனை பிள்ளைகள் என்று சிந்தித்து முடிவெடுக்கும் பொறுப்பைக் கணவன் மனைவி இருவர் கையிலுமே கொடுக்கிறது. இம்மடல் எல்லாச் சமயத்தவரும் வாசிப்பது. எனவே எந்த முறையைப் பற்றியும் பொய்யான அச்சத்தை ஊட்டுவது எமது வேலையன்று. இயற்கை முறையின் குறைகளை மறைத்து அதை விற்பதும் அவ்வாறே தவறு.

முறையைத் தெரியுமுன் வீட்டைப் பாருங்கள்

எது சிறந்த முறை என்று கேட்பவர்களுக்கு எமது பதில்: உங்கள் வீட்டில் மாதந்தோறும் காக்கக்கூடியதே சிறந்தது. அதைக் கண்டறியச் சில கேள்விகள் உதவும்.

முதலாவது, இப்பொழுது கருத்தரித்தால் தாயின் உயிருக்கு ஆபத்தா? இருதய நோய் போன்ற கடும் காரணம் இருந்தால், கற்றுக்கொள்ளும் மாதங்களில் நேரும் சிறு பிழையும் பெரும் விலை கேட்கும். அவர் தம் நிலைமையை வைத்தியரிடம் திறந்து பேச வேண்டும். தாயின் உயிரைக் காக்கவன்றிக் கருக்கலைப்புச் சட்டவிரோதமான எமது நாட்டில், களவாகச் செய்யப்போய் உயிரிழந்த பெண்களை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, சுற்று ஒழுங்கானதா? ஊசியை நிறுத்தியவர்களுக்கு மாதவிடாய் ஒழுங்குக்கு வரப் பல மாதம் எடுக்கலாம். அதுவரை நாட்கணக்கையும் மணிமாலையையும் நம்ப முடியாது. நாற்பதைக் கடந்து சுற்றுக் குழம்பத் தொடங்கியவர்களுக்கும் இதுவே.

மூன்றாவது, கணவன் எங்கே? வெளிநாட்டில் உழைத்து ஆண்டுக்கு ஒரு மாத விடுமுறையில் வருபவரிடம் அம்மாதத்தில் பன்னிரண்டு நாள் காத்திருக்கச் சொல்வது எளிதன்று. பருவத்துக்கு வேறு கரையில் வாடியடித்துத் தொழில் செய்பவர் வீட்டிலும் இதே நிலைதான். இதை முன்கூட்டியே இருவரும் பேசிக்கொள்ள வேண்டும்.

நான்காவது, மிகக் கடினமான கேள்வி: ‘இன்று வேண்டாம்’ என்று மனைவி சொன்னால் அந்த வீட்டில் என்ன நடக்கும்? கணவன் குடித்துவிட்டு வந்து அடிக்கும் வீட்டில் கசிவை அவதானிக்கச் சொல்லிக் கொடுப்பதால் பயனில்லை. அவளுக்குத் தேவைப்படுவது முதலில் பாதுகாப்பு. அந்த நிலைமையில் இயற்கை முறையைப் பரிந்துரைத்துவிட்டு, கருத்தரித்தபின் அவளையே ‘நீ சரியாகக் கடைப்பிடிக்கவில்லை’ என்று குறை சொல்வது அநீதி. ஆகவே இயற்கை முறை வகுப்புக்குப் பெண்களை மட்டும் அழைப்பது அரை வேலை. கணவர்மாரும் வந்து உட்கார வேண்டும். கொப்பியில் குறிப்பதைக் கணவன் செய்யலாம். தன் கையால் குறித்ததை மீறுவது மனிதனுக்குக் கொஞ்சம் கடினம்.

தெரிவு உண்மையில் தெரிவாக இருக்கட்டும்

2013 ஆகஸ்டில் கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகிய கிராமங்களில், போதிய விளக்கமின்றியும் வற்புறுத்தியும் பெண்களுக்கு ஓமோன் குச்சி வைக்கப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. சுகாதார அதிகாரிகள் அதனை மறுத்தனர். யுத்தத்தால் எல்லாம் இழந்த மக்களிடையே அச்செய்தி ஏற்படுத்திய அச்சம் குடாநாட்டையும் எட்டியது.

மறுபுறத்தில், ‘எமது இனம் குறைந்துவிட்டது, கட்டுப்பாடே வேண்டாம்’ என்ற குரலும் யுத்தத்தின் பின் எழுந்தது. அந்தத் துயரம் எமக்கு விளங்குகிறது. ஆனால் ஒருவர் ‘பெறாதே’ என்கிறார், மற்றவர் ‘பெறு’ என்கிறார். இருவரும் பெற்று வளர்க்கப்போகிறவளைக் கேட்பதில்லை.

கிளினிக்குக்குப் போகும் பெண் கேட்பதற்கு உரிமையுள்ள நான்கு கேள்விகள் உண்டு. இதன் பெயர் என்ன? இதில் ஓமோன் உண்டா? என்ன பக்கவிளைவு வரலாம்? வேண்டாமென்றால் எப்பொழுது, யாரிடம் போய் எடுப்பிக்கலாம் அல்லது நிறுத்தலாம்? பதில் விளங்கும் வரை சம்மதம் சொல்ல வேண்டியதில்லை. குடும்ப நல உத்தியோகத்தர்கள் பெரும்பாலும் பொறுமையாக விளக்கக் கூடியவர்கள். ஒருவருக்குப் பல கிராமங்கள் என்பதால் நேரம் போதாமையே அவர்கள் குறை. கேள்விகளுடன் போனால் அவர்களுக்கும் வேலை இலகுவாகும்.

குழுவில் கலந்துரையாட

1. எமது கிராமத்தில் ஓமோன் முறைகளை நிறுத்திய பெண்கள் அதன்பின் என்ன செய்கின்றனர்? யாரிடம் கேட்டனர்?
2. கசிவு முறையைக் கற்பிக்க எமது பகுதியில் பயிற்சி பெற்ற ஒருவர் உண்டா? இல்லையெனில் யாரைப் பயிற்சிக்கு அனுப்பலாம்?
3. கணவர்மாரும் வரக்கூடிய நேரம் எது? தொழிலுக்குப் போகாத நாள் எது?
4. மனைவி ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியாத வீடுகளுக்கு எமது சங்கம் என்ன செய்ய முடியும்?